சாங்ஷாவில் ஆறு வாரம்: ஊமை ஆங்கிலத்துக்கு வாய் வந்த கதை

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



எனக்கு முன்னால் பேசிய இருவரும் முனைவர் பட்டம் பெற்றவர்கள். நான் பொதுத் தொடர்பியலில் டிப்ளோமா முடித்துவிட்டு, இருபத்திரண்டு வயதில் ஒலிவாங்கியைப் பிடித்தவள். ஆகவே மொழிக்கொள்கை, பாடத்திட்டம் என்று நான் பேசினால் அது அதிகப்பிரசங்கித்தனமாகிவிடும். எனக்குத் தெரிந்த ஒரே விஷயத்தைச் சொல்கிறேன். 2018ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் சீனாவின் ஹுனான் மாநிலத் தலைநகரான சாங்ஷாவில், பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஆங்கிலத்தில் பேசவும் உச்சரிக்கவும் பயிற்சி கொடுக்கப் போனேன். ஆறு வாரம். அதில் நான் செய்த ஒரு தவற்றையும் சேர்த்தே சொல்லப் போகிறேன்.

நீ எப்படி ஆங்கில ஆசிரியையாகச் சீனாவுக்குப் போனாய் என்று கேட்பீர்கள். ஆசிரியையாகப் போகவில்லை. அங்கே முழுநேர ஆங்கில ஆசிரியர் வேலைக்குப் பொதுவாக ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாட்டின் கடப்பிதழ் வேண்டும், பட்டப்படிப்பு வேண்டும், இரண்டு ஆண்டு அனுபவமும் வேண்டும். என்னிடம் இருந்தது மலேசியக் கடப்பிதழும் ஒரு டிப்ளோமாவும். இங்குள்ள ஒரு தனியார் கல்லூரிக்கும் அங்குள்ள பல்கலைக்கழகத்துக்கும் இருந்த பரிமாற்றத் திட்டத்தில், பேச்சுப் பயிற்சித் துணைவர் என்ற பெயரில் நால்வர் போனோம். நான் தொலைக்காட்சியில் பேசுகிறவள் என்பதால் உச்சரிப்பு என் தலையில் விழுந்தது.

முதல் நாள் வகுப்பில் 48 மாணவர்கள். பெரும்பாலோர் அனைத்துலக வணிகம் படிக்கும் மூன்றாம் ஆண்டுக்காரர்கள். ஒருங்கிணைப்பாளர் என்னை அறிமுகப்படுத்தியதும், பின்வரிசையில் ஒரு பையன் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னான். இரண்டு பேர் குனிந்து சிரித்தார்கள். என்னோடு வந்த மலேசியச் சீன நண்பரிடம் மாலையில் கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார்: "வெளிநாட்டு ஆசிரியர் வருகிறார் என்றார்களே, இவர் இந்தியர் மாதிரி அல்லவா இருக்கிறார் என்றான்."

கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்தப் பையனைக் குறை சொல்லி என்ன பயன்? ஆங்கிலம் என்றால் பொன்னிறத் தலைமுடி என்று விளம்பரப் பலகைகள் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தன. நம் ஊரிலும் சில தனியார் மொழி மையங்களின் சுவரொட்டிகளில் யாருடைய முகம் இருக்கிறது என்று வீட்டுக்குப் போகும் வழியில் பாருங்கள்.

அன்று வகுப்பில் நான் கேட்ட முதல் கேள்வி, "ஹவ் ஆர் யூ?" 48 குரல்களும் ஒரே தாளத்தில், "ஃபைன், தேங்க் யூ, அண்ட் யூ?" என்றன. சீனாவில் படித்த எவரைக் கேட்டாலும் இந்தப் பதில் வரும் என்று அப்போது எனக்குத் தெரியாது. 1990களில் மக்கள் கல்விப் பதிப்பகம் வெளியிட்ட பாடநூலில் லீ லெய், ஹான் மெய்மெய் என்று ஒரு பையனும் பெண்ணும் வருவார்கள். அந்த நூலைப் படித்த தலைமுறை, பள்ளித் தோழர்களைப் போல அவர்களை இன்றும் நினைத்துப் பார்க்கிறது. உரையாடல் என்றால் அவர்கள் இருவரும் பேசுவது, நாம் அதை ஒப்பிப்பது. அப்படித்தான் பழக்கம்.

நான் பதிலுக்கு, "நான் நலமாக இல்லை, விமான நிலையத்தில் என் பெட்டி காணாமல் போய்விட்டது" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். வகுப்பு அமைதியானது. ஒருவருக்கும் வார்த்தை தெரியாமல் இல்லை. பெட்டி, காணாமல் போவது, விமான நிலையம் எல்லாம் அவர்கள் எட்டு வயதிலிருந்து எழுதும் சொற்கள். ஆனால் அந்த வசனம் பாடநூலில் இல்லை. பாடநூலில் எல்லோரும் நலம்.

இதற்குச் சீனர்களே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். யாபா யிங்யூ, அதாவது ஊமை ஆங்கிலம். படிக்கும், எழுதும், பேசாது. காரணம் சோம்பேறித்தனம் அல்ல. 2001ஆம் ஆண்டு முதல் அங்கே தொடக்கப்பள்ளி மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார்கள். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வின் 750 மதிப்பெண்ணில் ஆங்கிலத்துக்கு 150. பல்கலைக்கழகத்துக்குள் வந்தபின், 1987இல் தொடங்கிய கல்லூரி ஆங்கிலத் தேர்வு. அதன் நான்காம் நிலையில் முழு மதிப்பெண் 710, அதில் 425ஐ எட்டிவிட்டால் தப்பித்தோம் என்று மாணவர்கள் மூச்சு விடுகிறார்கள். இந்தச் சான்றிதழ் இல்லாமல் பட்டமே தராத பல்கலைக்கழகங்களும் இருந்திருக்கின்றன. இந்தத் தேர்வுக்கு 1999இல் பேச்சுத் தேர்வு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஆனால் அது தனியாக எழுதிக்கொடுத்துச் சேர வேண்டியது. எழுத்துத் தேர்வில் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. மதிப்பெண் எங்கே இருக்கிறதோ அங்கேதான் பிள்ளைகளின் உழைப்பும் போகும். இது நமக்குத் தெரியாததா?

உழைப்பு என்றேனே, அதை நான் கண்ணால் பார்த்தேன். காலை ஆறரை மணிக்கு வளாகத்துக் குளக்கரையில் ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு மாணவர் நின்று, புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு மரத்தைப் பார்த்து உரக்கப் படிப்பார். அந்தப் பக்கம் திடலில் பச்சைச் சீருடையில் முதலாண்டு மாணவர்களுக்கு இராணுவப் பயிற்சி. இந்தப் பக்கம் மரத்தோடு ஆங்கிலம். மனிதரோடு பேச வெட்கம், மரத்தோடு பேச வெட்கமில்லை.

இந்த வெட்கத்தைப் போக்க அவர்கள் ஊரிலேயே வழிகள் உண்டு. ஆங்கில மூலை என்று ஒன்று. பூங்காவிலோ வளாகத்திலோ கூடி ஆங்கிலத்தில் மட்டும் பேசிக்கொள்வார்கள். பெய்ஜிங்கில் ரென்மின் பல்கலைக்கழகத்தின் வெள்ளிக்கிழமை இரவுக் கூட்டம் இதற்குப் பேர் போனது. இன்னொன்று லீ யாங் என்பவர் தொடங்கிய 'கிறுக்கு ஆங்கிலம்'. லான்சோ பல்கலைக்கழகத்தில் படித்தபோது ஆங்கிலத்தில் தடுமாறிய அவர், உரக்கக் கத்திக் கத்திப் படித்துத் தேறினார். பிறகு விளையாட்டரங்கங்களில் ஆயிரக்கணக்கானவர்களைக் கத்த வைத்தார். பிற்காலத்தில் குடும்ப வன்முறை வழக்கில் அவர் பெயர் கெட்டது தனிக் கதை. கத்துவதால் கூச்சம் போகும், அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தவறாகச் சொல்வதை உரக்கச் சொன்னால் அது உரத்த தவறு. என் கணக்கு அவ்வளவுதான்.

சரி, என்ன தவறுகள் என்று பார்ப்போம். இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிதானமாகப் போகிறேன், ஏனென்றால் இது நமக்கும் உறைக்க வேண்டிய இடம்.

மாண்டரின் மொழியில் ஒரு அசை 'ன்', 'ங்' போன்ற மெல்லொலிகளில் முடியலாம், ஓரிரு இடங்களில் நாக்கை வளைத்த 'ர்' போன்ற ஒலியில் முடியலாம். க், ட், ப் என்று முடியவே முடியாது. ஆகவே ஆங்கிலத்தில் 'பிக்' என்று சொல்ல வேண்டிய இடத்தில், ஒன்று அந்தக் 'க்' விழுந்துவிடும், அல்லது பின்னால் ஒரு சின்ன உயிரொலி ஒட்டிக்கொண்டு 'பிக-' என்று வரும். வகுப்பில் இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவர்களைப் பார்த்து அல்ல, என் பாட்டியை நினைத்து. தோட்டத்தில் பாட்டி 'பஸ்ஸு' வந்துருச்சா, 'புக்கு' எடுத்துக்கிட்டியா என்பார். வல்லெழுத்தில் சொல்லை முடிக்கத் தமிழ் நாக்கும் ஒப்பாது, ஓர் உகரத்தைப் போட்டு இறக்கி வைக்கும். சாங்ஷா மாணவனும் என் பாட்டியும் ஒரே காரணத்துக்காக ஒரே காரியத்தைச் செய்கிறார்கள்.

அடுத்து, நாக்கைப் பல்லுக்கு நடுவே வைக்கும் ஒலி. 'தேங்க் யூ' அவர்கள் வாயில் 'சான்க்யூ' ஆகும். மாண்டரினில் 'சான்' என்றால் மூன்று. ஆகவே கைப்பேசிச் செய்தியில் 3 என்ற எண்ணைப் போட்டு, பக்கத்தில் க்யூ என்ற எழுத்தைப் போட்டு நன்றி சொல்வார்கள். 'வெஸ்ட்' என்பது மேற்குத் திசையும் ஆகலாம், கையில்லாத சட்டையும் ஆகலாம். ஒன்றுக்கு உதட்டைக் குவிக்க வேண்டும், மற்றதற்குப் பல்லை உதட்டில் வைக்க வேண்டும். அவர்களில் பலருக்கு இரண்டும் ஒன்றுதான். நமக்கு? தமிழில் எழுதினாலே அந்த வேறுபாடு காணாமல் போய்விடுகிறது, பாருங்கள்.

பேச்சு மாண்டரினில் அவன், அவள் இரண்டுக்கும் 'தா' என்ற ஒரே ஒலி. எழுத்தில்தான் வேறுபாடு. அதனால் நல்ல மாணவிகூட வேகமாகப் பேசும்போது தன் அம்மாவை 'ஹி' என்று சொல்லிவிடுவாள். இன்னொன்று, "உனக்குக் காரம் பிடிக்காதா?" என்று கேட்டால் நாம், "ஆமாம், பிடிக்காது" என்போம். சீனர்களும் அப்படியே. ஆங்கிலத்தில் அங்கே 'நோ' சொல்ல வேண்டும். 'யெஸ்' என்று சொன்னால் தட்டில் மிளகாய் விழும். ஹுனான் மிளகாய் சாதாரண மிளகாய் அல்ல, அனுபவித்துச் சொல்கிறேன்.

இவை சீனா முழுவதற்கும் பொது. ஹுனானுக்கென்று சிறப்பாக ஒன்று உண்டு. அங்கே 'ந'வும் 'ல'வும் கலந்துவிடும். தங்கள் மாநிலத்தின் பெயரையே 'ஹுனான்' என்று சொல்லாமல் 'ஃபுலான்' என்று சொல்கிறார்கள் என்று மற்ற மாநிலத்தார் கிண்டல் செய்வார்கள். ஆங்கிலத்தில் 'நைட்' 'லைட்' ஆகும், 'நம்பர்' 'லம்பர்' ஆகும்.

இப்போது என் தவற்றுக்கு வருகிறேன்.

சாங்ஷா, கட்டுமான இயந்திரங்களுக்குப் பேர் போன ஊர். சானி, சூம்லியன் என்ற இரண்டு பெரிய நிறுவனங்களும் அங்கே வளர்ந்தவைதான். என் வகுப்பில் ஒரு மாணவிக்கு அப்படி ஒரு நிறுவனத்தின் ஏற்றுமதிப் பிரிவில் வேலைக்குச் சேர வேண்டும் என்று ஆசை. எழுத்துத் தேர்வில் வகுப்பிலேயே முதல் வரிசை. இரண்டாவது வாரம், பாரந்தூக்கியைப் பற்றி வாடிக்கையாளருக்கு விளக்குவது போல ஒரு பயிற்சி கொடுத்தேன். அவள் எழுந்து அழகாகத் தொடங்கினாள். சுமை இல்லாத நிலையைச் சொல்லும் இடம் வந்தது. 'நோ லோட்' என்று சொல்ல வேண்டும். 'லோ லோட்' என்றாள். ஒன்று சுமையே இல்லை, மற்றது குறைந்த சுமை. பாரந்தூக்கியின் கீழே நிற்பவனுக்கு இரண்டும் ஒன்றாகுமா?

நான் நிறுத்தித் திருத்தினேன். மறுபடி சொன்னாள், மறுபடி 'லோ'. மறுபடி திருத்தினேன். ஐந்து முறை. தொலைக்காட்சியில் எங்களை அப்படித்தான் பழக்கினார்கள், சரியாக வரும்வரை அடுத்த வரிக்குப் போகக் கூடாது. ஐந்தாவது முறை யாரோ சிரித்தார்கள். அவள் முகம் சிவந்தது. "மை இங்லிஷ் இஸ் வெரி புவர்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு என் வகுப்பில் அவள் வாயைத் திறக்கவில்லை. வருவாள், குறிப்பெடுப்பாள், போவாள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. டிப்ளோமா முதலாண்டில் நடந்தது நினைவுக்கு வந்தது. நான் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியில் படித்தவள். ஒரு விரிவுரையாளர் என்னைப் படிக்கச் சொன்னார். 'ஃபிலிம்' என்பதை 'பிலிம்' என்றேன். தமிழில் அந்த ஒலி இல்லை, நான் என்ன செய்வது? அவர் என்னைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். நகரத்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். அடுத்த மூன்று மாதம் அந்த வகுப்பில் நான் பேசவில்லை. அந்த மனிதரை அத்தனை ஆண்டு மனத்துக்குள் திட்டிக்கொண்டிருந்தவள், சாங்ஷாவுக்குப் போய் அவராகவே மாறி நின்றிருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்கலாம் என்றால் அதையும் வகுப்பில் கேட்க முடியாது. மறுபடி எல்லோரும் அவளைப் பார்ப்பார்கள். முகம் போவது என்பது அங்கே சின்ன விஷயம் அல்ல. நம் ஊரில் மட்டும் என்ன வாழ்கிறதாம்?

அக்டோபர் முதல் தேதி அவர்களுடைய தேசிய தினம். ஒரு வாரம் விடுமுறை, வளாகமே காலியானது. அவள் ஊருக்குப் போகவில்லை. உணவகத்தில் நானும் அவளும் எதிரெதிரே மாட்டிக்கொண்டோம். "சாப்பிட்டீர்களா, லாவ்ஷி?" என்று மாண்டரினில் கேட்டாள். லாவ்ஷி என்றால் ஆசிரியர். கையில் சோற்றுத் தட்டை வைத்திருப்பவளிடம் சாப்பிட்டாயா என்று கேட்கிறாளே என்று ஆங்கிலேயனுக்குக் குழப்பமாக இருக்கும். எனக்கு இல்லை. அது கேள்வி அல்ல, அது வணக்கம் என்று எந்தத் தமிழச்சிக்கும் தெரியும்.

நான் காய்கறி வாங்கப் போக வேண்டும், எனக்குப் பேசத் தெரியாது, கூட வருகிறாயா என்று கேட்டேன். வந்தாள். சந்தையில் கீரைக்காரம்மாவிடம் விலை கேட்டால் 'ஸ்ஸ்' என்று ஏதோ சொல்கிறார். நான்கு யுவானா, பத்து யுவானா? நான்கு என்பது நாக்கை முன்னால் வைத்த ஸகர ஒலி, பத்து என்பது நாக்கை வளைத்த ஷகர ஒலி, இரண்டுக்கும் ராகமும் வேறு. தென்பகுதிச் சீனர்கள் பலர் இரண்டையும் ஒன்றாகவே சொல்வார்கள். கீரைக்காரம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டு ஆள்காட்டி விரல்களையும் குறுக்கே வைத்துக் காட்டினார். பத்து! சீனர்கள் கையால் பத்து காட்டுவது அப்படி. அவர்களுக்கே குழம்பும் என்பதால் விரலும் சேர்ந்து பேசுகிறது.

திரும்பி நடக்கும்போது அவள் எனக்கு நான்கும் பத்தும் சொல்லிக் கொடுத்தாள். எனக்கு வரவில்லை. மறுபடி சொன்னேன், வரவில்லை. அவள் சிரிக்கவில்லை. தன் கையை நாக்கு மாதிரி வளைத்து, இப்படி வை, அப்படி வை என்று காட்டினாள். பத்துத் தடவை இருக்கும். ஒரு தடவைகூட, தவறு என்று சொல்லவில்லை. "கிட்டே வந்துவிட்டீர்கள்" என்றுதான் சொன்னாள். என்னைவிட அவள் நல்ல ஆசிரியை.

அப்போதுதான் நான் மன்னிப்புக் கேட்டேன். 'பிலிம்' கதையையும் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் வந்தாள். பிறகு, "ந-வுக்கு நாக்கை எங்கே வைக்க வேண்டும்?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு நான் அதுவரை வகுப்பில் பதிலே சொல்லவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. தவறு, தவறு என்று சொன்னேனே தவிர, எப்படி என்று சொல்லவில்லை.

உண்மையில் நாக்கு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான். காற்று போகும் வழிதான் வேறு. 'ந'வுக்கு மூக்கு வழி, 'ல'வுக்கு நாக்கின் ஓரம் வழி. மூக்கைப் பிடித்துக்கொண்டு 'ல்ல்ல்' என்று இழுத்தால் ஒலி தொடரும். 'ந்ந்ந்' என்று இழுத்தால் அடைத்து நின்றுவிடும். சாலையோரம் இருவரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது. பக்கத்தில் துர்நாற்றச் சோயாக்கட்டி பொரிக்கும் கடை வேறு இருந்தது, சாங்ஷாவின் புகழ்பெற்ற பண்டம். அதனால் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணியிருக்கலாம்.

விடுமுறைக்குப் பிறகு என் வகுப்பை மாற்றினேன். முதல் பத்து நிமிடம் மாணவர்கள் ஆசிரியர், நான் மாணவி. ஒரு மாண்டரின் சொல்லை நான் கற்க வேண்டும், அவர்கள் திருத்த வேண்டும். ஒரு நாள் பதிலுக்கு 'தமிழ்' என்று சொல்ல வைத்தேன். மாண்டரினில் நம் மொழிக்குத் 'தைமியெர்' என்று பெயர். ஹார்பினிலிருந்து வந்த வடக்கத்திப் பையன் ஒருவன் முதல் முறையிலேயே ழகரத்தைக் கிட்டத்தட்டச் சரியாகச் சொன்னான். மாண்டரினில் 'ர' என்று எழுதப்படும் ஒலி, நாக்கை வளைத்துச் சொல்வதால் நம் ழகரத்துக்கு நெருங்கிய உறவு. நம் வானொலித் தேர்வுக்கு வரும் பிள்ளைகள் எத்தனை பேர் வாழைப்பழத்தில் வழுக்கி விழுகிறார்கள்! அவனை அழைத்துவந்து காட்டலாம் போலிருந்தது. முதல் நாள் "இந்தியர் மாதிரி இருக்கிறார்" என்று சொன்னவனும் அவன்தான்.

மற்றபடி நான் செய்தது அறிவிப்பாளர்களின் வேலையைத்தான். செய்தி வாசிக்கும் முன் தாளில் நாங்கள் கோடு போடுவோம், இங்கே மூச்சு, இங்கே அழுத்தம் என்று. அதையே செய்யச் சொன்னேன். மாண்டரினில் ஒவ்வோர் அசைக்கும் ஒரு ராகம் உண்டு, ஏறக்குறைய ஒவ்வோர் அசைக்கும் மரியாதை உண்டு. ஆங்கிலம் அப்படியல்ல, ஓர் அசையைத் தூக்கிவிட்டு மற்றவற்றை விழுங்கிவிடும். 'போட்டோகிராப்' என்பதில் முதல் அசையைத் தூக்க வேண்டும், படம் எடுப்பவரைச் சொல்லும்போது இரண்டாவது அசையைத் தூக்க வேண்டும். இதற்கு ஆளுக்கொரு ரப்பர் வளையம் கொடுத்தேன். அழுத்தம் வரும் இடத்தில் இழு, மற்ற இடத்தில் விடு. சொல்லின் கடைசியில் ஒட்டும் அந்த உயிரொலிக்கு இன்னொரு தந்திரம். 'க்'கில் முடியும் சொல்லுக்குப் பின்னால் உயிரில் தொடங்கும் சொல்லைப் போட்டு, அந்த உயிரோடு சேர்த்துச் சொல்ல வைத்தேன். 'பிக் ஆப்பிள்' என்பது 'பி-காப்பிள்'. உடல்மேல் உயிர் வந்து ஒன்றுவது இயல்பு என்று நமக்கு நன்னூல் வகுப்பில் சொன்னார்களே, அதேதான். தமிழாசிரியர் கேட்டால் மகிழ்வார்.

உரையாடலுக்கு அவர்கள் ஊர் விஷயங்களையே எடுத்தேன். சாங்ஷாவில் வாடகைக் கார் ஓட்டுநர் முதல் பலரும் பாக்கு மெல்கிறார்கள். வெற்றிலை கிடையாது, பதப்படுத்திய பாக்குத் தோல் மட்டும். மாண்டரினில் அதற்கு 'பின்லாங்' என்று பெயர், நம் மலாய்ச் சொல்லான 'பினாங்'கிலிருந்து போனது. நம் பினாங்குத் தீவுக்குப் பெயர் கொடுத்த அதே பாக்கு. இதைச் சொன்னதும் ஊமை வகுப்பு உயிர் பெற்றது. பாக்கு மெல்லலாமா கூடாதா என்று அரை மணி நேரம் ஆங்கிலத்தில் சண்டை. வாய்ப் புற்றுநோய் என்றாள் ஒருத்தி, என் அப்பா இருபது ஆண்டாக மெல்கிறார் என்றான் ஒருவன். அந்தப் பாக்கு விளம்பரங்களை 2021இல் தொலைக்காட்சியிலும் வானொலியிலும் சீன அரசு தடை செய்துவிட்டது. அன்று என் வகுப்பில் 'ஹி'யும் 'ஷி'யும் கலந்துதான் கிடந்தன. நான் ஒன்றையும் திருத்தவில்லை. முடிந்தபின் இரண்டே இரண்டைக் கரும்பலகையில் எழுதினேன், யார் சொன்னது என்று சொல்லாமல்.

எதைத் திருத்துவது, எதை விடுவது என்பதுதான் இதில் பெரிய கேள்வி. ஜெனிஃபர் ஜென்கின்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத இருவர் ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளும்போது எங்கே புரியாமல் போகிறது என்று பார்த்தார். 'தேங்க் யூ' 'சான்க்யூ' ஆனால் யாருக்கும் புரியாமல் போவதில்லை. மெய்யொலிகள் குழம்பினாலும், குறில் நெடில் மாறினாலும், வாக்கியத்தில் அழுத்தம் இடம் மாறினாலும் புரியாமல் போகிறது. நாடு திரும்பியபின் இதைப் படித்தபோது, முன்பே தெரிந்திருந்தால் இரண்டு வாரம் மிச்சமாகியிருக்குமே என்று தோன்றியது. 'சான்க்யூ'வை விட்டுவிடலாம். 'நோ லோட்'டை விட முடியாது. அந்த மாணவியைத் திருத்தியது தவறில்லை, திருத்திய விதம்தான் தவறு.

இதில் ஆய்வாளர்கள் எல்லோரும் ஒத்துப்போகவில்லை. என் வகுப்பு மாணவர்களே பாதிப் பேர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். எங்களுக்கு இலண்டன் உச்சரிப்புத்தான் வேண்டும், அமெரிக்க உச்சரிப்புத்தான் வேண்டும் என்று கேட்டார்கள். கேட்பதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு. நேர்முகத் தேர்வில் எதிரே உட்கார்ந்திருப்பவர் ஜென்கின்ஸைப் படித்திருக்க மாட்டார். இதை நான் மறைக்க விரும்பவில்லை. 'பிலிம்' என்று சொன்னவளை எந்த ஒளிபரப்பு நிலையமும் வேலைக்கு எடுத்திருக்காது, நானும் மாற்றிக்கொண்டுதான் உள்ளே வந்தேன்.

அந்த மாணவிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கடைசி வாரம் மறுபடி பாரந்தூக்கி விளக்கம். 'நோ லோட்' என்ற இடம் வந்ததும் ஒரு கணம் நிறுத்தினாள். கையை மூக்குக்கு அருகே கொண்டுபோய், பிடிக்காமல் இறக்கினாள். சரியாகச் சொன்னாள். வகுப்பு கைதட்டியது. அடுத்த வரியிலேயே 'நம்பர்' என்பதற்கு 'லம்பர்' என்றாள். அதனால் என்ன?

2019 ஜூனில் சீன ஆப்பிரிக்கப் பொருளாதார வணிகக் கண்காட்சி முதன்முதலாகச் சாங்ஷாவில் நடந்தது. அதில் அவள் தன்னார்வ மொழிபெயர்ப்பாளராக நின்றாள். ஆப்பிரிக்க வணிகர்களோடு மூன்று நாள் ஆங்கிலம் பேசியதாக வீசாட்டில் எழுதினாள். அவர்களுக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை, இவளுக்கும் இல்லை. முதல் நாள் அவர்கள் பேச்சு புரியவில்லையாம், இரண்டாம் நாள் பழகிவிட்டதாம். நான் மலேசியர், என் ஆங்கிலமும் முதல் வாரம் புரியவில்லை என்று அப்போதுதான் உண்மையைச் சொன்னாள். இப்போது அவள் ஏற்றுமதிப் பிரிவில்தான் இருக்கிறாள். அவள் விரும்பிய நிறுவனம் அல்ல, அதைவிடச் சிறியது.

நெறியாளர் மணியைப் பார்க்கிறார். ஒன்றே ஒன்றைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். இந்த நிகழ்ச்சிக்கு ஒப்புக்கொண்டபோது அவளுக்குச் செய்தி அனுப்பினேன். உன் கதையைப் பெயர் சொல்லாமல் சொல்லலாமா என்று கேட்டேன். சொல்லுங்கள் என்றாள். கூடவே, நான்கையும் பத்தையும் மாண்டரினில் சொல்லி ஒலிப்பதிவு அனுப்புங்கள், பார்க்கிறேன் என்றாள். ஒரு மணி நேரம் பயிற்சி செய்து அனுப்பினேன். பதில் வந்தது:

"கிட்டே வந்துவிட்டீர்கள், லாவ்ஷி. ஆனால் சந்தைக்குப் போனால் விரலைக் காட்டிவிடுங்கள்."